தொப்புளுக்கு இடப்பக்கம் ஒரு வெள்ளைத் தீற்றல்

தலைமுடி கறுப்பாக இருந்த காலத்திலிருந்து எங்கள் தீவு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறேன். ஒரு மீனவன் வயிற்றில் டிரான்சிஸ்டரே தெரிந்திருக்கிறது. ஸ்டேஷன் சரியாகக் கேட்கவில்லை என்றுதான் அவன் வந்திருந்தான். ஆகவே நான் சொல்வதை நம்பலாம்.

அன்று சாயங்காலம் எல்லோரும் ஓய்ந்திருந்தோம். மின்விசிறிகூட யோசித்து யோசித்துத்தான் சுற்றியது. ஜோனலின் தன் கைக்குழந்தையோடு வந்தாள். குழந்தை பச்சையாக வாந்தி எடுத்தது. சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே குடல் தன் இடத்தில் அமையாது; அது முறுக்கிக்கொண்டால் பச்சை வாந்தி வரும். முறுக்கு இருந்தால் கடைசிப் படகில் இலோய்லோ நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். தவறவிட்டால் விடிவதற்குள் குடல் செத்துவிடும்.

நர்ஸ் பெர்லிதா, எக்ஸ்ரேயில் குடலை வெள்ளையாகக் காட்டும் மருந்தைக் கரைத்துப் புட்டியில் ஊட்டினாள். ஊட்டும்போது வாய் சும்மா இராமல், என்ன அழகு என்றுவிட்டாள். எங்கள் ஊரில், அந்நியர் புகழ்ந்தால் குழந்தைக்கு வயிறு நோகும். புகழ்ந்தவரே எச்சில் தொட்டு வயிற்றில் தடவ வேண்டும். ஜோனலின் விடவில்லை. பெர்லிதா கட்டைவிரலை நக்கி, சுண்ணாம்பைத் தின்றவள்போல முகம் சுளித்து, தடவினாள். பின்னாலேயே, நாங்களும் அழகு என்றோமே என்று காவலாளி, துப்புரவுக்காரி, பக்கத்து வார்டு நோயாளிகள் எல்லோரும் வரிசை கட்டினார்கள். குழந்தையைத் தனியாகக் குளிப்பாட்டத் தேவையில்லாமல் போயிற்று.

முந்தின நாள் காலையிலிருந்து வீடு போகாத டாக்டர் சுமகாய்சாய், உள்ளே நடப்பதை அப்படியே ஓடவிட்டுக் காட்டும் எக்ஸ்ரே திரையைப் பார்த்தார். குடலின் முதல் வளைவு முதுகெலும்பைத் தாண்டி இடப்பக்கம் வர வேண்டும். இடப்பக்கம் வெள்ளையாகத் தெரிந்தது. சரியாக இருக்கிறது, வீட்டுக்குப் போகலாம் என்றார். ஜோனலின் துணிப்பையைக் கட்டத் தொடங்கினாள்.

டாக்டர் மட்டும் எழவில்லை. எழத் தெம்பில்லை என்றுதான் நினைத்தேன். திரையில் குடல் நெளிந்தது; அந்த வெள்ளை மட்டும் அசையவில்லை.

"மனோங், இது ஏன் நகரவே மாட்டேங்குது?" என்று என்னைக் கேட்டார். மனோங் என்றால் எங்களிடம் அண்ணன்.

"அதுவும் களைச்சுப் போயிருக்கும் டாக்டர்."

அவர் குழந்தையின் வயிற்றைக் குனிந்து பார்த்தார். தோல்மேல் பெர்லிதாவின் கட்டைவிரல் தடம், மருந்தோடு பதிந்திருந்தது. துடைக்கச் சொன்னதும் ஜோனலின் வயிற்றைக் கையால் மூடிக்கொண்டாள்.

"தொடாதீங்க. அதுதான் இவனைக் காப்பாத்திட்டிருக்கு."

டாக்டர் சண்டைபோடும் நிலையில் இல்லை. அவள் காலடியிலேயே தரையில் உட்கார்ந்து, தங்கையை அழைப்பதுபோல அழைத்தார்.

"அது இருந்தா படம் பொய் சொல்லும், இந்தாய். துடைச்சிட்டு, வயித்துக்குப் பதிலா நான் அவன் பாதத்துல எச்சில் தடவறேன். நானும் மனசுக்குள்ள அழகுன்னுதான் நெனச்சேன்."

"படிச்சவங்க எச்சில் பலிக்குமா, மனோங்?" என்று அவள் என்னைக் கேட்டாள்.

"பலிக்கும். கொஞ்சம் லேட்டாகும்."

அவள் கையை எடுத்தாள். துடைத்துவிட்டுப் பார்த்தோம். இடப்பக்கம் ஒன்றுமில்லை. குடல் வலப்பக்கமே திருகாணிபோலச் சுற்றிச் சுற்றி இறங்கியது. டாக்டர் வாக்குப்படி பாதத்தில் தடவினார். படகுத்துறைக்குப் போன் செய்து, ஆளுநரின் மாமியார் வருகிறார் என்றேன். படகு காத்திருந்தது.

காலையில் இலோய்லோவிலிருந்து செய்தி வந்தது. முறுக்கைப் பிரித்தார்களாம். ஒரு விரல் நீளம் வெட்ட வேண்டியிருந்ததாம். மீதி சிவந்து உயிர் பிடித்துவிட்டதாம். எக்ஸ்ரே மேஜைமேல் தூங்கிக்கொண்டிருந்த டாக்டரை எழுப்பிச் சொன்னேன். "ம்" என்று சொல்லித் திரும்பிப் படுத்தார்.

வெளியே அன்றைய நோயாளிகள் இருமத் தொடங்கியிருந்தார்கள். அவர்களை முற்றத்துக்குப் போய் இருமச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினேன்.