மூன்றே முக்காலுக்குக் கிளம்பும் பலகை

கடைத்தெரு முனையில் இருந்த ‘நில்’ பலகை பதினேழு ஆண்டுகளாக, பள்ளிக்கூட நாட்களில், மாலை மூன்றே முக்காலுக்குத் தன் குழியிலிருந்து எழுந்து, பின்தெருவில் உள்ள மழலையர் பள்ளியின் வாசலுக்குப் போய் நின்று, ஐந்து மணிக்குத் திரும்பி வந்தது. போக இருநூற்றுப் பன்னிரண்டு தாவல், வர இருநூற்றுப் பன்னிரண்டு தாவல். ஒற்றைக் காலை வைத்துக்கொண்டு வேறு எப்படிப் போவது? பள்ளி பின்தெருவுக்கு மாறியபோது அங்கேயும் ஒரு பலகை வேண்டும் என்று பெற்றோர்கள் நகராட்சிக்கு மனு மேல் மனு போட்டார்கள். நகராட்சி எல்லாவற்றையும் கிடப்பில் போட்டுவிட்டது. ஒரு திங்கட்கிழமை பலகை தானாகவே கிளம்பிவிட்டது. முதல் வாரம் தெருவே வாயைப் பிளந்தது. இரண்டாவது வாரம் சைக்கிள் கடைக்காரர் அதன் வழியில் சைக்கிள்களை நிறுத்துவதை விட்டார். மூன்றாவது வாரம் அதைப் பற்றிப் பேச யாருக்கும் நேரமில்லை.

சிக்கல் என்னவென்றால், பலகை போன பிறகு முனையில் ஒரு குழிதான் இருக்கும். குழியைப் பார்த்து யாரும் வண்டியை நிறுத்துவதில்லை. போக்குவரத்துக் காவலரோ வரைபடத்தை நம்புகிறவர். வரைபடத்தில் அந்த முனையில் ஒரு சிவப்புப் புள்ளி இருந்தது, அது அவருக்குப் போதும். மருந்துக்கடைக்கு எதிரில் பைக்கை நிறுத்திக்கொண்டு, போகிற வண்டிகளின் சக்கரங்களைக் கண்ணும் கருத்துமாகப் பார்ப்பார். கம்பம் இருக்கிறதா என்று ஒருநாளும் நிமிர்ந்து பார்த்ததில்லை. அவருக்கு முன்னால் இருந்தவரும் அப்படித்தான். மாட்டிக்கொண்ட தெருக்காரர்கள் மூச்சுவிடாமல் அபராதத்தைக் கட்டிவிட்டுப் போனார்கள். பலகை அங்கே இல்லை என்று ஒருவர் வாயைத் திறந்தால் மறுநாளே சிமெண்ட் மூட்டையோடு ஆட்கள் வந்து அதைக் குழிக்குள் பூசிவிடுவார்கள் என்று தெரு முழுக்க ஒரு பயம். சீட்டின் பின்பக்கத்தில் ‘மறுக்கிறேன்’ என்று ஒரு கட்டம் இருப்பதே பலருக்குத் தெரியாது.

இந்த ஏற்பாட்டில் வந்து மோதியவர் வேன்காரம்மா. வாரத்துக்கு மூன்று நாள் ஆறு நோயாளிகளை டயாலிசிஸுக்கு அழைத்துப் போய், நான்கு மணி நேரம் காத்திருந்து, அவரவர் வீட்டு வாசலில் இறக்கிவிடுவது அவருடைய வேலை. அந்த வழியில் ஓட்ட ஆரம்பித்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. நான்கு பத்துக்கு முனையைக் கடந்தார், சீட்டு வாங்கினார். அவருடைய உரிமத்தில் ஏற்கெனவே இரண்டு கரும்புள்ளிகள்: ஒன்று பின்விளக்கு எரியாததற்கு, இன்னொன்று மயங்கி விழுந்த ஒருவரைப் பேருந்துக்கான தடத்தில் கொண்டுபோனதற்கு. மூன்றாவது விழுந்தால் ஓராண்டுக்கு உரிமம் இல்லை. அப்புறம் அந்த ஆறு பேரையும் யார் அழைத்துப் போவார்கள்?

விஷயம் தெரிந்து முதலில் ஓடிவந்தது அவருடைய நாத்தனார். மழலையர் பள்ளியின் தலைமை ஆசிரியை அவர்தான்.

“அண்ணி, ஃபைனைக் கட்டிடுங்க. வேணும்னா நான் கட்டுறேன். நூத்தி நாலு பிள்ளைங்க அண்ணி.”

“பணமா இப்ப பிரச்சினை? புள்ளி விழுந்தா என் லைசென்ஸே போயிடும். ஆறு பேரை நீயா தூக்கிட்டுப் போவ?”

“கேஸ்ல நீங்க ஜெயிச்சா பலகையைப் பூசிடுவாங்களே!”

“தோத்தா என்னைப் பூசிடுவாங்க. கொஞ்சம் பொறு, வழி இருக்கான்னு பார்க்குறேன்.”

நாத்தனார் கோபத்தோடு போனார். போகும்போது, கொண்டுவந்த பழக்கூடையை மட்டும் மறக்காமல் வைத்துவிட்டுப் போனார். வேன்காரம்மா பதினான்காவது நாள், கெடு முடிய ஒரு நாள் இருக்கும்போது, ‘மறுக்கிறேன்’ கட்டத்தில் குறியிட்டுக் கொடுத்தார். நீதிமன்றச் சாளரத்தில் இருந்தவர் அதற்கான பதிவேட்டைத் தேடி எடுக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. விசாரணைக்கு ஐந்து வாரம் கழித்துத் தேதி கொடுத்தார்கள். காவலரின் குறிப்புக்கு நகல் கேட்கலாம் என்று தெரிந்துகொண்டு அதையும் கேட்டு வாங்கினார். அதில் ‘மணி 4.10, வானம் தெளிவு, வண்டி நிற்கவில்லை’ என்று இருந்தது. பலகையைப் பற்றி ஒரு சொல் இல்லை.

பிறகு போக்குவரத்துச் சட்டப் புத்தகத்தை நூலகத்திலிருந்து எடுத்து வந்து, மருத்துவமனை வாகன நிறுத்தத்தில் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தார். வாகனம் என்றால் என்ன என்று நான்கு பக்கம், சாலை என்றால் என்ன என்று ஆறு பக்கம். வாகனத்தையும் சாலையையும் பார்த்தே இராதவர்களுக்காக எழுதிய புத்தகம் போலிருந்தது. ஆனாலும் விடவில்லை. அவருடைய நோயாளிகளில் ஒருவர் அச்சகத்தில் முப்பது ஆண்டு பிழை திருத்தியவர். ஊசி ஏறாத கையால் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு சொன்னார்: “அடிக்குறிப்பை விட்டுடாதீங்கம்மா. மேல இருக்கறதை எல்லாரும் படிச்சிருப்பாங்க. கீழ பொடி எழுத்துல இருக்கறதை எழுதினவரே மறந்திருப்பாரு.”

ஐந்து வாரத்தில் வேன்காரம்மா அந்தப் புத்தகத்தைக் கரைத்துக் குடித்துவிட்டார். முந்நூற்றுப் பதினோராம் பக்கத்தின் அடியில், பொடி எழுத்தில், அவர் தேடியது கிடைத்தது. அன்று பேய்மழை. ஆனாலும் வேனிலிருந்து இறங்கிப் போய், டயாலிசிஸ் அறையின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று, பிழை திருத்துபவருக்குப் புத்தகத்தை உயர்த்திக் காட்டினார்.

விசாரணை நாளில் தெரு முழுவதும் நீதிமன்றத்தின் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தது. சைக்கிள் கடைக்காரர் கடையையே பூட்டிவிட்டு வந்திருந்தார். நாத்தனார் வேன்காரம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை. நீதிபதி காவலரிடம் கேட்டார்: “அந்த நேரத்துல பலகை அங்க இருந்துச்சா?”

“வரைபடத்துல இருக்குங்கய்யா.”

“வரைபடம் கிடக்கட்டும். நீங்க பார்த்தீங்களா?”

காவலர் நேர்மையானவர். “பலகையைப் பார்க்கலைங்கய்யா. வண்டியைத்தான் பார்த்தேன்” என்றார்.

பலகை இல்லாத இடத்தில் நிற்கவில்லை என்று யாரையும் தண்டிக்க முடியாது. வழக்கு அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் நீதிபதி விஷயத்தை அரைகுறையாக விடுகிறவர் அல்ல. வேன்காரம்மா பக்கம் திரும்பி, “அப்ப பலகை எங்கம்மா போச்சு?” என்றார். தெரியாது என்று சொல்லிவிட்டு உரிமத்தைக் காப்பாற்றிக்கொண்டு போயிருக்கலாம். அப்படிப் போனால் அடுத்தவர் மாட்டுவார், அவரும் வாயை மூடிக்கொண்டு கட்டுவார், இது இப்படியே போகும்.

“டியூட்டிக்குப் போயிருந்துச்சுங்கய்யா” என்றார் வேன்காரம்மா.

நாத்தனார் தலையில் கை வைத்துக்கொண்டார். வேன்காரம்மா புத்தகத்தைப் பிரித்து அடிக்குறிப்பை வாசித்தார். பள்ளி விடும் நேரத்தில் அதன் வாசலுக்கு இடம் மாறும் பலகைகளும் சட்டப்படி செல்லுபடியாகும். அவை நிற்கும் இடங்களையும் நேரத்தையும் நகராட்சிப் பதிவேட்டில் எழுதி, இரண்டு இடத்திலும் அதை அறிவிப்பாக வைத்தால் போதும். “எழுதினா பூசிடுவாங்கன்னு பயந்து பதினேழு வருஷமா எழுதாம விட்டோம். எழுதியிருந்தா அப்பவே எல்லாம் சரியாயிருக்கும்” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

நேரில் பார்க்கச் சட்டம் இடம் கொடுப்பதால் நீதிபதி அன்று மாலையே கடைத்தெருவுக்கு வந்தார். மூன்றே முக்காலுக்குப் பலகை எழுந்தது. கூட்டத்தைக் கண்டு சற்றுத் தயங்கியது. “வழியை விடுங்கப்பா, நேரமாகுதுல்ல” என்று நீதிபதி அதட்டியதும் கூட்டம் விலகியது. அவர் கூடவே நடந்து தாவல்களை எண்ணினார். இருநூற்றுப் பதின்மூன்று வந்தது. அதற்குக் கூட்ட நெரிசலே காரணம் என்று தீர்ப்பிலேயே எழுதியிருக்கிறார். வேன்காரம்மா குற்றமற்றவர், புள்ளி கிடையாது, பலகையைப் பூசக் கூடாது, அதன் நேரத்தை நகராட்சிப் பதிவேட்டில் எழுத வேண்டும், பள்ளி வாசலிலும் அதற்கு ஒரு குழி வெட்டித் தர வேண்டும். நாத்தனார் நடுத்தெருவில் அண்ணியைக் கட்டிக்கொண்டு அழுதார். வேன்காரம்மாவுக்கும் கண் கலங்கியது. ஆனால் வேனை நிறுத்திய இடம் தடை செய்யப்பட்டது என்று நினைவு வந்ததால் சீக்கிரமாகவே விடுவித்துக்கொண்டு ஓடினார்.

அந்தப் பதிவேட்டில் இன்று பதினான்கு வரிகள் இருக்கின்றன. மழை நாட்களில் இரண்டடி மேட்டுக்கு நகரும் பாதசாரிக் கோடுகள், செவிலியரை வீடுவரை கொண்டுவிட்டுத் திரும்பும் தெருவிளக்கு, வெயிலுக்கு இடம் மாறும் பேருந்து நிறுத்த இருக்கை என்று ஒவ்வொருவரும் அவரவர் அறிந்ததைக் கொண்டுவந்து எழுதினார்கள். நகராட்சி எழுத்தர் யாரிடமும் ஏன், எப்படி என்று கேட்பதில்லை. கிளம்பும் நேரம், திரும்பும் நேரம் இரண்டையும் கேட்டு எழுதிக்கொண்டு முத்திரை குத்துகிறார்.

தீர்ப்புக்கு அடுத்த டயாலிசிஸ் நாளில் வேன்காரம்மா நான்கு பத்துக்கு முனைக்கு வந்தார். பலகை வேலைக்குப் போயிருந்தது. இருபுறமும் பார்த்தார், வண்டி எதுவும் வரவில்லை. பிரேக்கைத் தொடாமல் கடந்து போனார். பின்னால் ஆறு பேரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள், ஒருவருக்கும் விழிப்புத் தட்டவில்லை.