ஓரத்தில் நின்றது

படத்தில் மூன்று நீர்க்காகங்கள் இருந்தன. அரங்கசாமி எடுத்தது இரண்டை.

சிங்காநல்லூர் குளத்தில் பட்டுப்போன மரமொன்றில் இரண்டு பறவைகள் சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்துத்தான் அவர் எடுத்திருந்தார். மூன்றாவது அதே கிளையில், படத்தின் வலது ஓரத்தில், கழுத்தைத் திருப்பி அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

"ஓரத்துல உக்காந்திருக்குது பாருங்ணா, அதுதான் இந்தப் படத்துக்கே அழகு. பொறுத்திருந்து எடுத்திருக்கீங்க" என்றான் கிருபாசங்கர். ஒப்பணக்கார வீதியில் கேமரா கடை வைத்திருப்பவன். அந்தப் படத்தை எடுத்த லென்ஸை விற்றவனும் அவன்தான்.

அரங்கசாமி படங்களை உறைக்குள் போட்டுக்கொண்டார்.

அவருக்கு நாற்பத்தெட்டு வயது. பீளமேட்டில் ஒரு பம்ப் கம்பெனியில் இரும்பு வார்ப்புகளைச் சோதிக்கும் இன்ஸ்பெக்டர். மயிரிழை விரிசலையும் வெறுங்கண்ணாலேயே பிடித்து சாக்பீஸால் வட்டம் போட்டுவிடுவார். அவர் வட்டம் போட்டதை மேனேஜர்கூட மறுத்துப் பேசியதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் கேமராவோடு காட்டோரங்களுக்குப் போய்விடுவார். பத்து வருடமாகச் சாதாரண லென்ஸை வைத்துக்கொண்டு, எறும்பளவு யானைகளையும் புள்ளியளவு பறவைகளையும் எடுத்துச் சலித்துப்போய்த்தான், தொண்ணூற்றைந்து பொங்கல் கழிந்ததும் பெரிய ஜூம் லென்ஸ் ஒன்று வாங்குவதென்று முடிவு செய்தார்.

தேர்ந்தெடுக்க மூன்று வாரம் பிடித்தது. கிருபாசங்கர் கண்ணாடி மேசைமேல் இரண்டை எடுத்து வைத்தான்.

"இது எண்பதுல இருந்து இருநூறு எம்.எம். வெளிச்சம் நல்லா உள்ள வரும், ஆனா குண்டுக்கல்லாட்டக் கனம். யானைக்குப் போதும், பறவைக்கு எட்டாதுங்க. இது நூறுல இருந்து முந்நூறு. தூரம் எட்டும். பொழுது சாஞ்சு எடுத்தீங்கன்னா உள்ள கொஞ்சம் மங்கலாத் தெரியும். எது வேணும்னு நீங்கதான் சொல்லோணும்."

அரங்கசாமி இரண்டையும் மாற்றி மாற்றிக் கேமராவில் பொருத்தி, கடை வாசலில் நின்று வீதிக்கோடியில் இருந்த பெயர்ப்பலகைகளைப் படித்துப் பார்த்தார். தூரம் எட்டுவதையே வாங்கினார்.

"முந்நூறுக்கு இழுத்தீங்கன்னா ஷட்டர் வேகத்த ஐந்நூறுக்குக் கீழ எறக்காதீங்க, ஆடிப்போயிரும். கீழ ஒரு மணல் மூட்ட குடுத்துக்கங்க" என்று சொல்லி அனுப்பினான் கிருபாசங்கர்.

நீர்க்காகப் படத்துக்குப் பிறகு, அதே மாதிரி வேறு சிலவும் வந்தன. காலியென்று நினைத்த வேலியோரத்தில் ஒரு கீரி நின்றிருந்தது. தனி மயிலை எடுத்தால் பக்கத்தில் பெட்டைகள் இரண்டு. கேமராவுக்குள் பார்க்கும்போது அந்த இடங்களில் இருட்டு இல்லை. இருட்டாக இருந்திருந்தால் அவர் அன்றைக்கே பயந்திருப்பார். அங்கே வெறும் புல்லும் வெறும் கிளையுமாகத்தான் தெரிந்தது.

லென்ஸைத்தான் சந்தேகப்பட்டார். கடைக்குத் திரும்ப எடுத்துப்போனார்.

"ஏனப்பா, ஓரமெல்லாம் தெரிய மாட்டீங்குது. உள்ள பூஞ்சக்காளான் புடிச்சிருக்குதா பாரு."

கிருபாசங்கர் டார்ச் அடித்துப் பார்த்தான். பிறகு வீதியில் இறங்கி, கேமராவைக் கண்ணில் வைத்து நாலாபக்கமும் திருப்பிப் பார்த்தான்.

"கண்ணாடியாட்ட இருக்குதுங்ணா. மூலை முடுக்கெல்லாம் தெரியுது." லென்ஸுக்கு மூடியைப் போட்டான். "தப்பா நெனச்சுக்காதீங்க. எதுக்கும் கண்ண ஒருக்கா டாக்டர்கிட்டக் காட்டிப் பாருங்களேன்."

அரங்கசாமிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "இந்தக் கண்ண வெச்சுத்தாண்டா இருவது வருசமாச் சோறு திங்கறேன்" என்று சொல்லிவிட்டு, லென்ஸைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

ஆனால் அன்று மாலை, மனைவி செல்வநாயகி கடைவீதிக்குப் போயிருந்த நேரத்தில், சமையலறைச் சுவரில் மாட்டியிருந்த மாதக் காலண்டர் முன்னால் போய் நின்றார். இடது கண்ணைக் கையால் மூடிக்கொண்டு புதன்கிழமை வரிசையை உற்றுப் பார்த்தார். செவ்வாய் இருந்தது. வியாழன் இருந்தது. ஞாயிறும் சனியும் இல்லை. சுவர் மட்டும் இருந்தது. கையை மாற்றி வலது கண்ணை மூடினார். ஞாயிறு வந்துவிட்டது. சனிக்கிழமை மட்டும் சோப்பு நீர் பட்டதுபோல் கலங்கியிருந்தது.

செல்வநாயகி திரும்பி வந்தபோது அவர் நாற்காலியில் அமர்ந்திருந்தார்.

"ஏனுங்க, மொகமெல்லாம் வேர்த்திருக்குது?"

"வெயிலு" என்றார்.

அதற்கு முந்தைய மாதம் ஸ்கூட்டரில் வலதுபக்கம் திரும்பும்போது ஒரு சைக்கிள்காரரை இடித்திருந்தார். சைக்கிள்காரர்தான் குறுக்கே வந்தாரென்று சண்டையும் போட்டிருந்தார். இப்போது அது நினைவுக்கு வந்தது. கம்பெனியில் வார்ப்புகளை முகத்துக்கு நேராகத் திருப்பித் திருப்பிப் பார்க்கத் தொடங்கினார். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் சாக்பீஸைக் கையிலிருந்து வாங்கிவிடுவார்கள் என்பதைத் தவிர வேறெதையும் அவரால் யோசிக்க முடியவில்லை.

வைகாசியில் அணைத் தண்ணீர் வற்றி, சிறுமுகைப் பக்கம் சேற்றுத் திட்டுகள் வெளியே தெரிந்தன. யானைகள் பகலிலேயே தண்ணீருக்கு இறங்குவதாக ரங்கராஜ் ஆளனுப்பியிருந்தான். ரங்கராஜ் அங்கே பரிசலில் மீன் பிடிப்பவன், முப்பது வயது. அரங்கசாமியை இரண்டு மூன்று முறை அக்கரைக்குக் கூட்டிப்போயிருக்கிறான். இந்த வருடம் போக வேண்டாமென்று அரங்கசாமி முதலில் நினைத்தார். பிறகு, அடுத்த வருடம் என்ன தெரியுமோ என்று தோன்றியது. போனார்.

நாலு மணி வாக்கில் பரிசலை அக்கரையில் ஒரு முளைக்குச்சியில் கட்டிவிட்டு, நாற்பது ஐம்பது அடி நடந்து, விழுந்துகிடந்த ஒரு மரத்துக்குப் பின்னால் இருவரும் உட்கார்ந்தார்கள். மரத்தின்மேல் மணல் மூட்டையை வைத்து லென்ஸைக் கிடத்தினார் அரங்கசாமி. எதிரே நீர்விளிம்பில் ஏழு யானைகள். ஒரு குட்டி, தாயின் வயிற்றுக்கடியில் நுழைந்து நுழைந்து வந்தது. காற்று அவர்கள் முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. முந்நூறுக்கு இழுத்துக் குட்டியின் கண்ணிமை தெரியும்படி ஆறேழு படங்கள் எடுத்தார். பல மாதமாக இல்லாத சந்தோஷம் அவருக்கு வந்தது.

ரங்கராஜ் அவர் தோளைத் தொட்டான்.

"கொம்பன் ஆனையக் காணமுங்ணா" என்று காதருகே சொன்னான். "காத்தால இருந்து இந்தக் கூட்டத்தோடதான் சுத்திட்டு இருந்துச்சு. எனக்கு மனசு செரியில்ல, கெளம்பிரலாமுங்க. நா போயி பரிசல அவுத்து இந்தப் பக்கமா இழுத்துட்டு வந்தர்றேன். வலப்பக்கம் பரிசலுக்கு மேல இருக்கற அந்த உண்ணிச்செடிப் பொதர மட்டும் சித்தெ பாத்துட்டே இருங்க. அசைஞ்சா ஒரு சத்தம் குடுத்தாப் போதும், நா தண்ணிக்குள்ள குதிச்சிருவேன்."

வலப்பக்கம். எனக்கு அந்தப் பக்கம் தெரியாது என்று சொல்ல ஒரு நொடிதான் ஆகும்.

"செரி, போ" என்றார்.

ரங்கராஜ் குனிந்தபடியே போனான். அரங்கசாமி தலையைத் திருப்பிப் புதரை நேராகப் பார்த்தார். புதர்தான் இருந்தது. அப்போது குட்டி தண்ணீருக்குள் இறங்கித் தும்பிக்கையால் தண்ணீரை அடிக்கத் தொடங்கியது. லென்ஸை நூறுக்கு இறக்கினால் கூட்டமும் புதரும் ஒரே படத்துக்குள் அடங்கும், இரண்டையும் சேர்த்தே பார்த்துக்கொள்ளலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். இறக்கி, வழக்கம்போல் வலது கண்ணை வைத்துப் பார்த்தார். கூட்டம் தெரிந்தது. புதர் இருக்க வேண்டிய இடத்தில் பச்சையாக ஏதோ இருந்தது. ஒரு படம் எடுத்தார். இன்னொன்று. மூன்றாவதை எடுத்தபோது கூட்டத்திலிருந்த பெரிய பெண்யானை காதுகளை விரித்து வலப்பக்கம் திரும்பி நின்றது.

ரங்கராஜின் குரல் கேட்டது. அது வார்த்தையாக வரவில்லை.

அரங்கசாமி எழுந்து திரும்பியபோது பரிசல் நசுங்கிய முறம்போலக் கிடந்தது. கொம்பன் அதன்மேல் நின்றிருந்தது. ரங்கராஜ் சேற்றில் பத்தடி தள்ளிக் கிடந்தான். அவர் கத்தினார், கையில் கிடைத்ததை எறிந்தார். யானை அவரைப் பார்த்தது. பிறகு அவசரமே இல்லாமல் திரும்பிப் புதருக்குள் போய்விட்டது.

சத்தம் கேட்டு மற்ற பரிசல்காரர்கள் வந்து தூக்கிப்போனார்கள். மேட்டுப்பாளையத்தில் முதலுதவி, பிறகு கோயமுத்தூர். இடுப்பெலும்பும் தொடையெலும்பும் உடைந்திருந்தன.

"திடீர்னு வந்துருச்சுங்க. எங்கிருந்து வந்துச்சுன்னே தெரியல" என்று அரங்கசாமி கேட்டவர்களிடமெல்லாம் சொன்னார். ரங்கராஜின் மனைவி மாரியாத்தாள் வார்டு வாசலில் அவர் அழுவதைப் பார்த்துவிட்டு, "நீங்களாச்சும் தப்பிச்சீங்களே, அது போதுமுங்க" என்று ஆறுதல் சொன்னாள். அவரால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

பிலிம் சுருளைக் கழுவக் கொடுக்காமலே வைத்திருந்தார். பத்து நாள் கழித்துக் கொடுத்தார். கிருபாசங்கர் படங்களை அடுக்கித் தரவில்லை. மூன்றை மட்டும் பிரித்தெடுத்து மேசைமேல் வரிசையாக வைத்தான்.

முதல் படத்தில் வலது ஓரப் புதருக்கு மேல் ஒரு காது தெரிந்தது. இரண்டாவதில் தலையும் தந்தமும். மூன்றாவதில் முழு யானையும் வெளியே வந்து நின்றது. தும்பிக்கையைத் தூக்கி வாசம் பிடித்துக்கொண்டிருந்தது.

"மூணு படத்துலயும் நிக்குதுங்களேண்ணா" என்றான் மெதுவாக. "நீங்க பாக்கலீங்களா?"

அன்று வீட்டுக்குப் போனதும் அந்த மூன்று படங்களையும் செல்வநாயகியின் கையில் கொடுத்து எல்லாவற்றையும் சொன்னார். அவள் மூன்றையும் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தாள்.

"எப்ப இருந்துங்க தெரியும்?"

"பங்குனில இருந்து."

மறுநாள் காலையில் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். கிண்ணம்போன்ற ஒரு கருவிக்குள் முகத்தை வைத்து, வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். வலது கண்ணுக்கு அவர் வெகுநேரம் எதையும் அழுத்தாமலே உட்கார்ந்திருந்தார்.

"கண்ணுக்குள்ள அழுத்தம் கூடி நரம்பு செத்துருக்குதுங்க" என்றார் பெண் டாக்டர். "வலது கண்ணுல நடுவுல கொஞ்சந்தான் மிச்சம். போனது திரும்பாது. இடதுலயும் ஆரம்பிச்சிருச்சு. சொட்டு மருந்து விட்டா இருக்கறத ஓரளவு காப்பாத்தலாம். ரெண்டு கண்ணும் தொறந்திருக்கறப்ப ஒண்ணோட குறைய இன்னொண்ணு மறைச்சுரும். அதனால பலருக்கு எங்காச்சும் மோதுனாத்தான் தெரியும். உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

செல்வநாயகி மருந்துச் சீட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

திங்கட்கிழமை மேனேஜரிடம் சொன்னார். கிடங்கில் அவர் சரியென்று ஒதுக்கிய வார்ப்புகளை வேறு இருவர் எடுத்துச் சோதித்தார்கள். ஒன்பதில் விரிசல் இருந்தது. மூன்று மாதத்தில் வெளியே போய்விட்டவற்றைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

அன்று பிற்பகல் அவர் தனியாக ஆஸ்பத்திரிக்குப் போனார். ரங்கராஜின் கால் எடை கட்டித் தொங்கவிடப்பட்டிருந்தது. மாரியாத்தாள் அவனுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"வாங்ணா" என்று ரங்கராஜ் சிரித்தான். "குட்டி படம் வந்துருச்சுங்களா?"

அரங்கசாமி மூன்று படங்களையும் போர்வைமேல் வைத்தார். தன் வலது கண்ணைப் பற்றிச் சொன்னார். காலண்டர் முன்னால் நின்றதைச் சொன்னார். தெரிந்தே போகச் சொன்னதைச் சொன்னார்.

ரங்கராஜ் படங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தான். மூன்றாவதில் யானைக்குக் கீழே, கரையோரம் குனிந்து கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்த தன் முதுகு அவனுக்குத் தெரிந்தது.

"தெரியலன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நா போயிருக்கமாட்டனுங்ணா" என்றான். "ரெண்டு பேரும் சேந்தே போயிருப்பமுங்க."

"ஆமா."

"எதுக்குங்க சொல்லல?"

அரங்கசாமிக்குக் காரணம் தெரியும். ஒரு சாக்பீஸுக்காக என்று இந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று எப்படிச் சொல்வது? மாரியாத்தாள் கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"நீங்க போயிருங்க" என்றாள். "அவரு தூங்கோணும்."

அவர் வராந்தாவுக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். உள்ளே அவள் ரங்கராஜிடம் ஏதோ கேட்பது காதில் விழுந்தது. மறுநாளும் வந்தார். அதற்கடுத்த நாளும் வந்தார். மாரியாத்தாள் அவரைத் தாண்டிப் போனாள், வந்தாள். ஒருநாளும் உள்ளே கூப்பிடவில்லை.