வீம்புக்குப் பிடித்த நோன்பு

தாஸிம் பிடித்த முயலுக்கு மூன்று கால்தான். பதுளை பஸாரில் பிடவைக் கடை போட்ட நாளிலிருந்தே ஊருக்குத் தெரிந்த சங்கதி இது. ஆனால் அந்த முயலுக்காகப் பத்து வயதுப் பிள்ளையும் பட்டினி கிடக்க வேண்டுமென்று எந்தக் கிதாபில் எழுதியிருக்கிறது? விமானத்தின் ஜன்னலோரம் சுருண்டு கிடந்த மகள் றமீலாவைப் பார்க்கப் பார்க்க ஸவாஹிராவுக்கு வயிறு எரிந்தது.

தாஸிமின் தம்பி ஹுமைத் நோர்வேயின் வடக்குக் கோடியில் ஒரு மீன் தொழிற்சாலையில் வேலை செய்தான். தன் முதல் குழந்தையைப் பார்க்க வரச்சொல்லி மூன்று டிக்கெட் அனுப்பியிருந்தான். எண்பத்து நாலாம் ஆண்டு ஜூன் மாதம். நோன்பு பாதி போயிருந்தது. "பயணிக்குச் சலுகை இருக்கு, விட்ட நோன்பை வந்து கழா பிடிக்கலாம்" என்று பள்ளிவாசல் லெப்பை படித்துப் படித்துச் சொன்னார். கேட்கிற ஆளா இவர்? "என் மகள் ஆகாயத்திலயும் நோன்பு பிடிப்பா!" என்று கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் அளந்தார். தெமோதரைத் தோட்டத்திலிருந்து சேலை எடுக்க வந்த இராமையா கங்காணி, "பச்சப் புள்ளைங்க முதலாளி, தாங்குமாங்க?" என்று கேட்டார். அவருக்கும் மார்பைத் தட்டித்தான் பதில்.

கட்டுநாயக்காவுக்குப் பக்கத்தில் உறவுக்காரர் வீடொன்றில் விடிகாலை நாலு மணிக்கு மூவரும் ஸஹர் சாப்பிட்டார்கள். அதோடு சரி. விமானம் மேற்கே பறக்கப் பறக்க, சூரியனும் கடன்காரனைப் போல விடாமல் கூடவே வந்தது. அடுத்த விமானத்துக்காக ஐரோப்பாவில் ஏதோ ஒரு ஊரில் இறங்கிக் காத்திருந்தபோது ஸவாஹிரா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். அதில் இன்னும் பதுளை நேரம்தான் ஓடிக்கொண்டிருந்தது.

"இஞ்ச பாருங்க, ஆறரை தாண்டிட்டு. பதுளையில பாங்கு சொல்லியாச்சு. புள்ளைக்காவது தண்ணி குடுப்போம்."

"நாம பதுளையிலயா இருக்கோம்? வெயில் உச்சியில நிக்குது, உனக்குக் கண் தெரியலியா? மறையட்டும்."

"வாய் காஞ்சு போய்க் கிடக்கிறாளே!"

தாஸிம் மகளிடம் திரும்பினார். "மகள், ஏலாதா?"

"ஏலும் வாப்பா."

"கேட்டியா?" என்றார், பெரிய வழக்கை வென்றவரைப் போல. வாப்பாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு எந்தப் பிள்ளை ஏலாது என்று சொல்லும்? ஸவாஹிரா பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்துபோய், குழாயில் ஒரு போத்தல் தண்ணீர் பிடித்துப் பையில் வைத்தாள். இந்த மனுசனோடு பேசுவதைவிடச் சுவரோடு பேசலாம்.

இரண்டாவது விமானத்திலும் சூரியன் மறையவில்லை. மூன்றாவது ஒரு சின்ன விமானம். மேகத்துக்கு மேலே அது வடக்கு நோக்கிப் போகப் போக வெளிச்சம் குறைவதாக இல்லை. தாஸிம் நிமிடத்துக்கொரு தரம் ஜன்னலை எட்டிப் பார்த்தார். "இன்னும் கொஞ்ச நேரம்தான்" என்று நாலு தடவை சொன்னார். ஐந்தாவது தடவை அவருக்கே நாக்கு ஒட்டிக்கொண்டது. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வதையும் றமீலா நிறுத்திவிட்டாள்.

அவர்கள் இறங்கியபோது அந்த ஊரில் இரவு பதினொரு மணி. வெயில் பளிச்சென்று அடித்தது. ஸவாஹிராவின் கடிகாரத்தில் விடிகாலை இரண்டரை. பதுளையில் அடுத்த நோன்புக்கு ஸஹர் சமைக்க எழும்புகிற நேரம்.

விமான நிலைய வாசலில் நின்ற ஹுமைத் "நானா!" என்று ஓடிவந்து அண்ணனைக் கட்டிக்கொண்டான். தாஸிம் ஸலாம் சொன்ன கையோடு, "இங்க மஹ்ரிப் எத்தனை மணிக்கு?" என்று கேட்டார்.

"மஹ்ரிபா? ஜூலை கடைசி வரைக்கும் இங்க சூரியன் மறையாது நானா. நாங்க மக்கா நேரத்துக்கு நோன்பு திறக்கிறோம். நீங்க பயணத்தில நோன்பு பிடிப்பீங்கன்னு யார் கண்டா?"

"லெட்டர்ல எழுதியிருக்கலாமேடா!"

"கம்பளி கொண்டு வாங்கன்னு எழுதினேனே."

இத்தனைக்குப் பிறகும் தாஸிம், "இவ்வளவு நேரம் பிடிச்சிட்டோம், மார்க்கம் படிச்ச ஒரு ஹஸரத்தைக் கேட்டுட்டு..." என்று இழுத்தார். சூட்கேஸின் மேல் உட்கார்ந்திருந்த றமீலா பக்கவாட்டில் சரிந்தாள். ஸவாஹிரா பாய்ந்து பிடித்துக்கொண்டாள்.

"போதும்!" என்று அவள் போட்ட சத்தத்தில் அங்கே நின்ற வெள்ளைக்காரர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். "அல்லாஹ் குடுத்த சலுகைய வேணாம்னு சொல்ல நீங்க யாரு? அவனை விடப் பெரிய ஆளா? கடையில நின்டு பெருமையடிச்சது நீங்க, மயங்கி விழுறது என்ட புள்ளையா? உங்களுக்கு ஈவு இரக்கமே இல்லியா?"

போத்தலைத் திறந்து மகளின் வாயருகே கொண்டுபோனாள். பிள்ளை உதட்டை இறுக்கி மூடிக்கொண்டது. "வாப்பா முதல்ல" என்றது மெல்ல.

தாஸிமின் முகம் செத்துப்போயிற்று. நடு வழியில் முழங்காலிட்டு உட்கார்ந்தார். பிஸ்மி சொல்லி ஒரு மிடறு குடித்துவிட்டு, தன் கையாலேயே மகளுக்குப் புகட்டினார். அவள் மடக்மடக்கென்று பாதிப் போத்தலைக் குடித்தாள். மீதியை அவர் அண்ணாந்து ஊற்றிக்கொண்டார். பாவம், அவருக்கும் தொண்டை காய்ந்துதான் கிடந்தது.

பெருமூச்சு விட்டு, தாடியைத் துடைத்துக்கொண்டு, போத்தலை மனைவியிடம் நீட்டினார். "இந்தா, பையில வை."

ஸவாஹிரா வாங்கிக் கவிழ்த்துப் பார்த்தாள். ஒரு சொட்டு விழவில்லை.

"நானும் நோன்புதான்" என்றாள்.