தவறியவள் எடுத்த குப்பி

1

இந்தக் கதை எனக்குத் தானாகத் தோன்றவில்லை, கேட்டு வாங்கினார்கள். ஏறாவூர் றிஸ்லான் மலைநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் பொறியியல் இறுதியாண்டு படிக்கிறான். விடுமுறையில் வந்தவன் புளியந்தீவில் என் வீட்டுக் கதவைத் தட்டினான். "நம்மட மட்டக்களப்புப் புள்ளைகள் போடுற மலருக்கு ஒரு கதை வேணும் அக்கா. எங்கட கம்பஸில படிக்கிற கம்சாயினியப் பத்தி எழுதுங்க." கேட்டவுடன் எழுதிக் கொடுக்கிற ஆள் நான் இல்லை. ஆனால் அவன் சொன்னதைக் கேட்டபின் அன்றே உட்கார்ந்துவிட்டேன்.

2

முதல் தொடக்கம்:

வாவியின் நீரோட்டத்தோடு வளர்ந்த மீனவர் மகளுக்கு நீரின் கணக்கு புதிதா என்ன? அவள் துடுப்பை எடுத்த முதல் நாளே

[இவ்வளவோடு நிற்கிறது. காரணம் கீழே.]

எழுதிய மட்டும் கம்சாயினிக்கு அனுப்பிவைத்தேன். குரல் பதிவில் பதில் வந்தது.

"எங்கட கதிரவெளியில இரிக்கிறது கடல், அக்கா. வாவி உங்கட ஊருக்குத்தான். அப்பா மீன் புடிக்கிறதுக்கும் நான் கணக்குச் செய்யிறதுக்கும் ஒரு தொடர்புமில்ல. துடுப்பு நான் தொட்டதுமில்ல. நான் இருந்து படிச்சன். அத எழுதுங்க."

வாவியை எடுத்தாயிற்று. கூடவே நல்ல உவமை ஒன்றும் போயிற்று, அந்தத் துக்கம் என்னோடு இருக்கட்டும்.

3

ஆகவே, நடந்தது.

கம்சாயினி உயர்தரம் வரை தமிழில் படித்தவள். பல்கலைக்கழகத்தில் பாடம் ஆங்கிலம், விரிவுரையாளர் சிரிக்கச் சொல்லும் பகிடி சிங்களம். இரண்டுக்கும் நடுவில் அவளுடைய வகுப்பில் தமிழ் பேசுகிறவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். புளுயிட் மெக்கானிக்ஸ், அதாவது பாயும் நீரின் கணக்கு, அவளுக்கு நன்றாகவே தெரியும். ஆனால் பரீட்சையில் ஒவ்வொரு கேள்வியையும் முதலில் ஓரத்தில் தமிழில் எழுதிக்கொண்டுதான் தொடங்கினாள். தமிழில் யோசித்து, தமிழில் செய்து, திரும்ப ஆங்கிலத்தில் எழுதும்போது தாளை வாங்கிவிட்டார்கள். தவறிவிட்டாள்.*

அன்று தாயிடம் சொன்னாள்: "மறுக்கா எழுதுவன் அம்மா. அதுவும் தவறினா எனக்கு இஞ்சினியரிங் வேணாம். வீட்டுக்கு வந்திடுவன்."

* நம் பிள்ளைகள் மட்டும் செய்யக்கூடிய பிழை இது. மக்குப் பிள்ளை செய்ய முடியாத பிழையும் கூட.

4

றிஸ்லான் ஒழுங்குசெய்து நடத்துவது குப்பி. குப்பி என்றால் மண்ணெண்ணெய் விளக்கு. நம் நாட்டுப் பல்கலைக்கழகங்களில், மாணவர் மாணவருக்குச் சொல்லிக்கொடுக்கும் வகுப்புக்கும் அந்தப் பெயர்தான். எல்லா இடத்திலும் குப்பி எடுப்பவர் அந்தப் பாடத்தில் அதிக புள்ளி எடுத்தவராக இருப்பார். றிஸ்லானின் குப்பியில் ஒரு விசித்திரமான வழக்கம்: தவறியவர்தான் எடுக்க வேண்டும்.

"நானே தவறிட்டன். நான் எப்பிடிப் படிப்பிக்கிற?" என்றாள் கம்சாயினி.

"எங்க சறுக்கும் எண்டு உனக்குத்தானே தெரியும் புள்ள. எனக்குத் தெரியா, நான் சறுக்கல்ல. சோக்கட்டிய எடு."

[இந்த இடத்தில் "அவள் கை நடுங்கியது" என்று எழுதியிருந்தேன். நடுங்கியதா என்று கேட்டேன். "இல்ல, கோவமா இருந்திச்சு" என்றாள். வெட்டிவிட்டேன்.]

கோபத்தோடு பலகையில் ஆங்கிலக் கேள்வியை அப்படியே எழுதினாள். தமிழில் விளக்கினாள். முன்வரிசையில் ஒரு பிள்ளை கேள்வியைத் தமிழில் எழுதத் தொடங்கியதைக் கண்டு அந்தப் பிள்ளையின் பேனையைப் பிடித்துக்கொண்டாள். "தமிழில யோசி, வேணாமெண்டு சொல்லல்ல. கைய இங்கிலீசில விடு. நான் செத்த இடம் இதுதான்."

அந்த வரியை நான் கற்பனை செய்யவில்லை. செய்திருந்தால் பெருமைப்பட்டிருப்பேன். செய்யாமலே பெருமைப்படுகிறேன்.

வாரம் தவறாமல் அவளே எடுத்தாள். பிறகு போய் மறுபரீட்சை எழுதினாள்.

5

கதைக்கு முடிவுகள் இரண்டு வைத்திருந்தேன்.

(அ) சித்தியடைகிறாள். கதிரவெளியில் வெடி கொளுத்துகிறார்கள். தாய்

(ஆ) தவறுகிறாள். பெட்டியோடு பஸ் ஏறுகிறாள். யன்னலோரம்

இரண்டையும் முடிக்கவில்லை. நேற்றுப் பின்னேரம் அவளே அழைத்தாள்.

"றிசல்ட் போட்டிட்டாங்களாம் அக்கா. என்ட நம்பர அனுப்பிறன், வேணுமெண்டா பாருங்க. எனக்குச் சொல்லாதிங்க. இப்ப குப்பி இரிக்கி. புதுப் புள்ளைகள் வந்து நிக்கிதுகள். முடிச்சிப்போட்டு நானே பாப்பன்."

"தவறியிருந்தா வீட்ட வருவன் எண்டு அம்மாட்டச் சொன்னயே?"

பின்னால் யாரோ கதிரையை இழுக்கும் சத்தம் கேட்டது.

"அது அப்ப சொன்னது, அக்கா. தவறினாலும் வாற கிழமை குப்பி இரிக்கிதானே. எடுக்கிற ஆள் நான்தானே."

வைத்துவிட்டாள்.

இலக்கம் என் கைபேசியில் இருக்கிறது. நான் பார்க்கவில்லை. (அ)வோ (ஆ)வோ, உங்களுக்குப் பிடித்ததைப் போட்டுக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபனை இல்லை. பெட்டியை மட்டும் வெட்டிவிடுங்கள். அவள் பஸ் ஏறவில்லை, வகுப்பில் நிற்கிறாள்.