நடுவில் உட்காரும் ஆள்

ஒன்பது வருஷமாக ஹெட்போனை மாட்டிக்கொண்டே பிழைப்பு நடத்திய மரிவிக், சனிக்கிழமை காலையில் அதைக் கழற்றிக் கட்டிலில் வீசிவிட்டு, "கெளம்பு, ராவோன் கடைத்தெருவுக்குப் போகணும்" என்றாள்.

அவள் கணவன் நோலி அப்போதுதான் ஆள் ஏற்றும் தன் ஜீப்னி வண்டியை இரண்டு நடை ஓட்டிவிட்டு வந்து, பூண்டுச் சோற்றுக்கும் கருவாட்டுக்கும் முன்னால் உட்கார்ந்திருந்தான்.

"எதுக்கு?"

"ஸ்பீக்கர் வாங்க."

பாதிக் கருவாட்டை அப்படியே விட்டுவிட்டு எழுந்துவிட்டான். கல்யாணமான நாளிலிருந்து அவன் கேட்டுக்கொண்டிருக்கும் பொருள் அது. தெருவில் யாருக்குப் பிறந்தநாள் வந்தாலும் கரோக்கிப் பெட்டியை வாடகைக்கு எடுத்துத்தான் பாட வேண்டியிருக்கிறது என்பது அவனுடைய தீராத குறை.

"ஒனக்குப் பாட இல்ல. என் வேலைக்கு" என்றாள் மரிவிக். அதை அவன் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை.

வேலை என்றால், படுக்கையறை மூலையில் ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், ஒரு சுழல் நாற்காலி. இலோய்லோ ஊரில் இருக்கும் ஒரு டீச்சரம்மா ஆங்கிலப் பாடங்களை வாசித்துப் பதிவு செய்து அனுப்புவாள். அதிலுள்ள இருமலையும் நாய்க் குரைப்பையும் ஏடு புரட்டும் ஓசையையும் மரிவிக் வெட்டி எடுத்து ஆஸ்திரேலியாவுக்கு அனுப்புவாள். இந்த முறை பன்னிரண்டு பாடங்களும் இரண்டு தடவை திரும்பி வந்துவிட்டன. 'பின்னணியில் சத்தம் இருக்கிறது, சரி செய்யவும்' என்று ஒரே வரி. என்ன சத்தம், எங்கே என்று கேட்டால் பதில் இல்லை. திங்கட்கிழமை மூன்றாவது முறையாக அனுப்ப வேண்டும். மூன்றாவதும் திரும்பினால் வேலையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். அவளுடைய தோழி ஒருத்திக்கு அப்படித்தான் நடந்தது.

தெருவில் கரோக்கி ஓய்ந்த நேரமாகப் பார்த்து அவள் மறுபடி மறுபடி கேட்டுவிட்டாள். பக்கத்துக் காலிமனையில் வீடு கட்டியதிலிருந்து சில்வண்டுகூடக் கத்துவதில்லை, அவ்வளவு அமைதி. அந்த அமைதியிலும் டீச்சரம்மாவின் குரலைத் தவிர வேறொன்றும் கேட்கவில்லை. ஏசி இரைச்சலாக இருக்கும் என்று சந்தேகப்பட்டு அடிச்சத்தத்தை எல்லாம் வழித்து எடுத்தாள். அப்படியும் திருப்பி அனுப்பினார்கள். ஹெட்போன் கிழடாகிவிட்டது, அதன் பஞ்சு உரிந்து டேப் சுற்றியிருக்கிறது, பழி அதன் மேல்தான் என்று முடிவு கட்டினாள். மூன்று நாளாகச் சரியான தூக்கமில்லை. ராவோன் போகும் வழியில் ஜீப்னியில் கம்பியைப் பிடித்தபடியே கண்ணயர்ந்து, தலை இடித்து விழித்துக்கொண்டாள்.

ராவோனில் கடைக்குக் கடை ஒரு பாட்டு அலறியது. மூலைக்கடைக்காரி பெபெங் ஐம்பது வயதுக்காரி, பருத்த உடம்பு, கழுத்தில் எப்போதும் ஒரு மைக் தொங்கும்.

"பெரிசு வேணுமா, நல்லது வேணுமா?"

"பெரிசா, நல்லதா வேணும்" என்றான் நோலி.

அவன் ஆள் உயரப் பெட்டி ஒன்றின் முன்னால் நின்றுவிட்டான். அதைச் சுற்றிலும் கலர் லைட்டு ஓடியது. பெபெங் ஒரு காதல் பாட்டில் இரண்டு வரி பாடிக் காட்டிவிட்டு மைக்கை அவனிடம் நீட்டினாள். ராவோனில் பாடிப் பார்க்காமல் யாரும் ஸ்பீக்கர் வாங்குவதில்லை. நோலி கண்ணை மூடிக்கொண்டு பாடினான். பெட்டி நூற்றுக்குத் தொண்ணூற்றேழு மார்க் போட்டது.

"பாத்தியா? இதான் ஸ்பீக்கரு!"

"நீ பாடுனதுக்குத் தொண்ணூத்தேழா? பொய் சொல்ற பெட்டிடா அது" என்றாள் மரிவிக். "அக்கா, எனக்கு உள்ளதை உள்ளபடி சொல்றது வேணும்."

பெபெங் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "மானிட்டர் ஸ்பீக்கர் வேணும்னு சொல்லு தங்கச்சி. உள்ள வா."

பின்பக்கம் ஒரு சின்னக் கண்ணாடி அறை இருந்தது. கதவைச் சாத்தியதும் தெரு இரைச்சல் நின்றுபோயிற்று. அலமாரியில் மூன்று ஜோடிகள். கறுப்புக் கறுப்பாக, ரொட்டிப் பெட்டி அளவில், லைட்டு கிட்டு எதுவும் இல்லாமல் இருந்தன.

"ஆம்ப்ளிஃபையர் உள்ளயே இருக்கு, ஒயரைச் சொருகினாப் போதும். ரெண்டுக்கும் நடுவுல, காது மட்டத்துக்கு வச்சு உக்காரணும். நடுவுல உக்கார்ற ஆளுக்குத்தான் இது சரியாப் பேசும்."

நோலி இதிலும் இரண்டு வரி பாடிப் பார்த்தான். அவன் பாட்டு அப்படியே அவன் பாட்டாகவே வந்தது. "இது என்ன, செத்த மாதிரி இருக்கு" என்று மைக்கைக் கீழே வைத்துவிட்டான்.

மரிவிக் போனில் இருந்த மூன்றாம் பாடத்தைப் போட்டாள். முதல் ஜோடியில் டீச்சரம்மா எதிரே உட்கார்ந்து பேசுவது போல இருந்தது. சத்தம் எதுவும் இல்லை. இரண்டாவது ஜோடியிலும் சுத்தம். மூன்றாவதிலும் சுத்தம். அவளுக்குக் கோபமும் நிம்மதியும் சேர்ந்து வந்தன.

"நான்தான் சொன்னேனே, எதுவுமே இல்ல. அவனுங்க காதுலதான் கோளாறு."

கதவில் சாய்ந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருந்த நோலி, "அந்தப் பூச்சியை மட்டும் எடுத்துட்டா வாங்கிக்க மாட்டானுங்களா?" என்றான்.

"எந்தப் பூச்சி?"

"சில்வண்டுதான். அந்தம்மா மூச்சு வாங்குறப்பல்லாம் கத்துதே. மூணு பெட்டியிலயும் கத்துச்சே."

மரிவிக் பெபெங்கைப் பார்த்தாள். பெபெங் ஒயரைச் சுற்றுவதில் மும்முரமானாள்.

"அக்கா, ஒங்களுக்குக் கேக்குதா?"

"கேக்குது தங்கச்சி" என்றாள் பெபெங் மெதுவாக. "நீ வேணும்னே சேத்திருக்கேன்னு நெனச்சேன்."

மரிவிக் மறுபடி போட்டாள். சத்தத்தைக் கூட்டினாள். காதை ஸ்பீக்கருக்கு ஒரு சாண் தூரத்தில் வைத்தாள். டீச்சரம்மா பேசினாள், நிறுத்தினாள், பேசினாள். நிறுத்திய இடத்தில் ஒன்றுமே இல்லை.

"நம்ம வீட்டுலதான் இப்பல்லாம் சில்வண்டே இல்லியே" என்றாள், சம்பந்தமில்லாமல்.

நோலி சிரிக்க வாயெடுத்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு வரவில்லை.

"தெனமும் கத்துதுடி" என்றான்.

அவள் அங்கேயே ஓர் அட்டைப்பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டாள். இந்த வேலைக்கு முன்னால் ஆறு வருஷம் கால் சென்டர், முகம் தெரியாதவர்களின் கோபத்தையெல்லாம் காதுக்குள் வாங்கிய ஆறு வருஷம். அதற்குப் பிறகு ஒன்பது வருஷம் ஹெட்போன். தெருவில் கரோக்கி ஏற ஏற, அவளும் ஹெட்போனில் சத்தத்தை ஏற்றிக்கொண்டே வந்தாள். வயது நாற்பத்து நாலுதான் ஆகிறது. அழுதால் தேவலாம் போலிருந்தது, அழக்கூடத் தெம்பில்லை.

"காது போனவளுக்கு ஸ்பீக்கர் எதுக்கு? வா, போலாம்."

நோலி நகரவில்லை. கண்ணாடிக்கு வெளியே கலர் லைட்டு ஓடும் பெட்டியை ஒரு தடவை பார்த்தான்.

"ஹெட்போன்ல ஒரு ஆளுதான் கேக்க முடியும்" என்றான். "இதுல ரெண்டு பேரு கேக்கலாமில்ல? அக்கா, இந்தச் சின்னதுல ஒரு ஜோடி கட்டுங்க."

மத்தியானம் வீட்டில் இரண்டு ஸ்பீக்கர்களையும் மேசையில், பழைய பால்பவுடர் டின்களின் மேல் ஏற்றிக் காது மட்டத்துக்கு வைத்தார்கள். நடுவில் ஒரு நாற்காலிதான் போட முடிந்தது. மரிவிக் கொஞ்ச நேரம் அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு நோலியை அதில் உட்கார வைத்துவிட்டு, குளியலறையிலிருந்து பிளாஸ்டிக் முக்காலியை எடுத்துவந்து ஓரமாக உட்கார்ந்தாள்.

"கேட்டதும் வெரலைத் தூக்கு. பேசாத."

அவன் விரல் தூக்கினான், அவள் நிறுத்தி வெட்டினாள். எந்த இடம் என்று தெரிந்த பிறகு கம்ப்யூட்டர் திரையில் மெல்லிய கீறலாக அது கண்ணுக்குத் தெரிந்தது. ஆனால் காட்டித்தர ஒரு காது வேண்டியிருந்தது. முதல் பாடத்தை முடிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. இன்னும் பதினொன்று இருந்தன. அதற்கப்புறமும் பாடங்கள் வரும். அவனோ விடிகாலையில் வண்டி எடுப்பவன்.

நாலாம் பாடம் முடிந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. நோலி கண்ணை மூடித் தலையைத் தொங்கப் போட்டிருந்தான். தூங்கிவிட்டான் என்று நினைத்து அவள் எழுந்து ஸ்பீக்கர் இரண்டையும் அணைத்தாள்.

அவன் விரல் எழுந்தது.

"அணைச்சிட்டேன் நோலி."

"அதுல இல்ல" என்றான், கண்ணைத் திறக்காமலே. "வெளிய."

மரிவிக் போய் ஜன்னலைத் திறந்தாள். பக்கத்து வீட்டுச் சுவர் ஓரம் ஒரு முழ அகலத்துக்குப் புல் இருந்தது. அங்கேயே நின்றுகொண்டு, அறைக்குள் திரும்பி, அவன் விரல் எழுவதையும் தாழ்வதையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.