இரண்டாம் முறை கீறிய கோடு

1
இந்தக் கதை ஒரு தப்பான கோட்டிலிருந்து வந்தது. நைல் நதியின் மேற்குக்கரையில் அகழாய்வுக் குழுவுக்குப் படம் வரைந்துகொண்டிருந்த ஆண்டுகளில், ஒரு சுண்ணாம்புக்கல் சில்லு என் மேசைக்கு வந்தது. அதில் ஓர் அரைவட்டம், குச்சி செருக ஒரு துளை, பன்னிரண்டு பங்கு. நிழல் விழுவதைப் பார்த்துப் பொழுது சொல்லும் கல். அதில் ஒரு கோட்டை மட்டும் யாரோ தேய்த்து அழித்துவிட்டு, விரலளவு தள்ளி மறுபடி கீறியிருந்தார்கள். (கல் மெய்யா என்று கேட்காதீர்கள். கதைக்கு வேண்டியிருந்தது.)

2
"மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன், மனிதகுலம் பகலைக் கூறுபோட்டு—" என்று தொடங்கி அடித்துவிட்டேன். பாடப்புத்தக வாடை. பஷேடுவிலிருந்து தொடங்குகிறேன்.

பஷேடு கல்தச்சன். அரசருக்காக மலையைக் குடைந்து கல்லறை வெட்டும் கூட்டத்தில் ஒருவன். அங்கே மதிய ஓய்வு மேஸ்திரி அன்ஹோத்தெப்பின் வயிற்றைப் பொறுத்தது. அவருக்குப் பசித்தால்தான் மற்றவர்கள் உட்காரலாம். ஒருநாள், பஷேடுவோடு சேர்ந்து உளி பிடிக்கும் கென்னா உச்சிவெயிலில் கல் சுமந்து வரும்போது சுருண்டு விழுந்தார். மறுநாளே பஷேடு அந்தப் பொழுது சொல்லும் கல்லைக் கீறி மேஸ்திரியிடம் நீட்டினான்.

"குச்சி நிழல் நடுக்கோட்டுக்கு வந்தா நாங்க உட்காரணும், மேஸ்திரி. இன்னும் ரெண்டு கோடு தாண்டினா எந்திரிச்சிடுவோம்."

"சூரியனையே வேலைக்கு வச்சிட்டியா?"

"அவருக்குப் பசிக்காதே, மேஸ்திரி."

மேஸ்திரி சிரித்துவிட்டு ஒப்புக்கொண்டார்.

3
இங்கே நிறுத்தியிருந்தால் எல்லோருக்கும் நல்லது. ஆனால் உட்காரச் சொன்ன கல்லே எழுந்திருக்கவும் சொன்னது. கென்னாவின் நெஞ்செல்லாம் கல்தூசி. ரொட்டியும் வெங்காயமும் உள்ளே இறங்கவே அவருக்கு நேரமாகும். அடுத்தடுத்து மூன்று நாள், நிழல் எழ வேண்டிய கோட்டைத் தாண்டிய பிறகும் உடனே எழ முடியாமல் கிடந்தார்.

"இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா கூட்டத்துல உனக்கு இடமில்ல" என்றார் மேஸ்திரி. கூட்டத்தில் இடம் போனால் ஊரில் வீடும் போகும்.

(பஷேடு ஏன் வாய் திறக்கவில்லை? கோழையோ என்று ஒரு பத்தி எழுதினேன், பிறகு— வேண்டாம். தானே பேசி வாங்கியதைத் தானே மறுக்கக் கூசியிருப்பான்.)

மறுநாள் விடிந்ததும், எழ வேண்டிய கோட்டைத் தேய்த்துவிட்டு, நிழல் பிந்தி எட்டும்படி விரலளவு தள்ளிக் கீறினான்.

4
அன்று மதியம் மேஸ்திரி கல்லின் முன் குனிந்தார். எல்லோரும் மெல்லுவதை நிறுத்தினார்கள்.

"எது சரியான கோடு, பஷேடு?"

"ரெண்டும் நான் கீறினதுதான், மேஸ்திரி."

மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் மேஸ்திரி கல்லை உடைத்தார். (அப்படியானால் நான் எதை வரைந்தேன்?) ஒன்றில் பஷேடுவைத் துரத்தினார். இன்னொன்றில் அவனைக் கட்டிக்கொண்டார். அதை எழுதிய நானே நம்பவில்லை. மூன்றையும் கிழித்த பிறகு மிஞ்சியது இவ்வளவுதான். மேஸ்திரி கல்லுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, கென்னாவின் பக்கத்தில் போய்க் குந்தினார்.

"எந்திரிக்க முடியுமா, கென்னா?"

"இன்னும் கொஞ்ச நேரம், மேஸ்திரி."

மேஸ்திரியின் பதிலை நான் எழுதப்போவதில்லை. கென்னா பாறையில் சாய்ந்தபடி மூச்சு வாங்கிக்கொண்டிருக்கிறார். கொஞ்ச நேரம் என்றால் எவ்வளவு என்று நீங்கள் சொல்லுங்கள்.