குடினீர்

அவருக்குச் சிவப்பு மை என்று பெயர் வைத்தது யார் என்று யாருக்கும் நினைவில்லை. அச்சகத்தில் இருபது வருடமாகப் பிழை திருத்துகிறார். வலைப்பதிவுக்கும் அதே பெயரை வைத்துக்கொண்டு, பக்கத்தின் மேலே தன் முகத்தையும் போட்டிருந்தார். பிழையைக் கண்டால் மனுஷனுக்குக் கை துறுதுறுக்கும். மனைவி எழுதும் மளிகைச் சீட்டைக்கூட விட்டுவைக்க மாட்டார். அவர் குடியிருக்கும் கட்டடத்தின் கீழே தண்ணீர் அலுவலகம் ஒட்டிப்போன அறிவிப்பில் ‘குடினீர்’ என்று இருந்ததைப் பார்த்துவிட்டு, மூன்று மாடி ஏறிப் பேனாவை எடுத்துவந்து, ரெண்டு சுழி ‘ன’வை அடித்து மேலே ‘ந’ போட்டவர். அதற்கு ஒரு கையெழுத்தும் போட்டார்.

இவ்வளவு சுத்தமாக எழுதுகிறவருக்கு வாசகர்கள் முந்நூறு பேர். அதுதான் அவருடைய வயிற்றெரிச்சல்.

அந்தத் தேர்தலில் பதிவர்களுக்குப் பஞ்சமில்லை. சாயப்பட்டறைகள் வைத்திருந்த ஆலைக்காரர் வேட்பாளராக நின்றார். அவருக்காகச் சங்கு என்ற பதிவர் காலை, மதியம், மாலை என்று மருந்து மாதிரி மூன்று வேளையும் ஊதிக்கொண்டிருந்தார். ஆனால் ஊரே காத்திருந்து படித்தது ஒட்டடை என்ற ஒருவரைத்தான். அவர் முகம் தெரியாது, பெயர் தெரியாது. ஆலைக்காரரின் பட்டறைக் கழிவு ஊர் குடிக்கும் ஏரியில் கலக்கிறது என்பதற்கான பரிசோதனை அறிக்கைகளை ஒன்றொன்றாக வெளியே விட்டார். ஒவ்வொன்றையும் பத்தாயிரம் பேர் படித்தார்கள். ஆலைக்காரரின் ஆட்கள் அவரைத் தெருத் தெருவாகத் தேடுவதும், கிடைத்தால் என்ன ஆகும் என்பதும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

சிவப்பு மைக்கும் தெரியும். ஆனால் ஒட்டடையின் பதிவைத் திறந்தால் அவர் கண்ணில் அறிக்கை படவில்லை, எழுத்துதான் பட்டது. இப்படி எழுதுகிறவனையா பத்தாயிரம் பேர் படிக்கிறார்கள் என்று பொருமினார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்ட கையோடு உட்கார்ந்து, ‘தேர்தல் களத்தில் நம் பதிவர்கள்’ என்று ஒரு பதிவு போட்டார். எல்லோரையும் ஒரு வாங்கு வாங்கினார். சங்குக்குக் கமாவே தெரியாது, மூச்சு விடாமல் ஊதுகிறார் என்றார். கடைசியில் ஒட்டடைக்கு வந்தார்.

“ஒட்டடையார் வீரர்தான், மறுக்கவில்லை. ஆனால் ‘ந’ என்ற எழுத்து இவருக்கு என்ன துரோகம் செய்தது? குடினீர், மழைனீர், கழிவுனீர். நீர் எங்கே வந்தாலும் ரெண்டு சுழி. இந்த நாட்டில் இப்படி எழுதும் ஒரே மனிதர் இவராகத்தான் இருக்க வேண்டும்.”

எழுதி முடித்ததும் அவருக்கே சிரிப்பு வந்தது.

அன்று சாயங்காலமே பதிவு பற்றிக்கொண்டது. சங்கு எடுத்துப் போட்டார், “அண்ணனின் ஆய்வு அருமை” என்றார். திங்கட்கிழமை பதினோராயிரம் பேர் படித்திருந்தார்கள். சிவப்பு மைக்குத் தலைகால் புரியவில்லை. அச்சகத்தில் பார்க்கிறவர்களிடமெல்லாம் எண்ணிக்கையைச் சொன்னார். ஒட்டடையிடமிருந்தே ஒரு பின்னூட்டம் வந்திருந்தது. “நன்றி ஐயா. சொல்லுக்கு நடுவில் வந்தால் ரெண்டு சுழி என்று ஐந்தாம் வகுப்பு வாத்தியார் சொன்னதையே இத்தனை காலம் பிடித்துக்கொண்டிருந்தேன். இனி திருத்திக்கொள்கிறேன்.” அதை இரண்டு முறை மனைவிக்கு வாசித்துக் காட்டினார். அவள் துணி மடித்துக்கொண்டே, பாவம், நல்ல மனுஷன் போலிருக்கிறது என்றாள்.

செவ்வாய்க்கிழமை காலை வேலைக்கு இறங்கும்போது கீழே புது அறிவிப்பு ஒட்டியிருந்தது. ‘நாளை குடிநீர் வராது.’ பழைய தாளுக்குப் பக்கத்திலேயே, பசை காயாமல். சரியான ‘ந’. தண்ணீர் அலுவலகமே நம் பதிவைப் படித்துத் திருந்திவிட்டது என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தார். அந்த நிமிடம் உறைத்திருந்தால்கூட ஏதாவது செய்திருக்கலாம். உறைக்கவில்லை.

பதினோரு மணிக்குச் சங்கு ஒரு பதிவு போட்டார். எழுத்து அதிகமில்லை, இரண்டு படங்கள்தான். ஒன்றில் பழைய அறிவிப்பு, சிவப்பு மையின் திருத்தத்தோடும் கையெழுத்தோடும். இன்னொன்றில் புதியது. கீழே இரண்டு வரி: ‘தப்பாக எழுதுகிறவர்கள் ஆயிரம் பேர். அண்ணன் சொன்ன ரெண்டே நாளில் திருத்திக்கொண்டவர் ஒருவர்தான். தண்ணீர் அலுவலகத்தில் அறிவிப்பு அடிக்கும் குமாஸ்தாவுக்கு வாழ்த்துகள்.’

தண்ணீர் அலுவலகத்துக் குமாஸ்தா அவருடைய மச்சான். மனைவியின் கூடப்பிறந்த அண்ணன்.

வாரம் தவறாமல் வீட்டுக்கு வருகிறவர். வந்தால் ஓரமாக உட்கார்ந்து டீ குடித்துவிட்டு, மாப்பிள்ளை அரசியல் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருப்பார். வாயே திறக்க மாட்டார். இந்த ஆளுக்கு நாட்டு நடப்பே தெரியாது என்று அவர் போன பிறகு சிவப்பு மை மனைவியிடம் சொல்வதுண்டு. அலுவலகத்தில் என்ன வேலை என்று பதினைந்து வருடத்தில் ஒருநாளாவது கேட்டிருப்பாரா? கேட்டதில்லை.

போனை எடுத்துக் கூப்பிட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. திருத்திக்கொண்டிருந்த மெய்ப்புத்தாள்களை அப்படியே போட்டுவிட்டு ஓடினார். ஓடிக்கொண்டே தன் பதிவை அழித்தார். பதினோராயிரம் பேர் படித்ததை அழித்து என்ன பிரயோசனம் என்று அவருக்கே தெரிந்தது. தண்ணீர் அலுவலகத்தில் மச்சானின் நாற்காலி பின்னால் தள்ளியபடி இருந்தது. மூக்குக்கண்ணாடி மேஜைமேல் இருந்தது. ஏரிக்கரையில் குழாய் உடைந்துவிட்டதாக இரண்டு பேர் வந்து வண்டியில் கூட்டிப்போனார்கள் என்று காவலாளி சொன்னார். குழாய் உடைந்தால் குமாஸ்தாவை எதற்கு அழைக்கிறார்கள் என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை. எல்லோரும் தங்கள் கோப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சாயங்காலம் ஏரிக்கரையில் கிடைத்தார். உயிர் இருந்தது. வால்வுத் தொட்டியின் இரும்பு மூடி தவறி விழுந்து கைகள் நசுங்கியதாகப் போலீஸ் எழுதிக்கொண்டது. பத்து விரலும் சேர்ந்தாற்போல் எப்படி மூடிக்கு அடியில் போய்ச் சேர்ந்தன என்பதை அது எழுதவில்லை.

மறுநாள் ஆஸ்பத்திரியில் இரண்டு கையும் கட்டுக்குள் இருக்க, மச்சான் கண்ணைத் திறந்தார். தங்கை அவர் வாயில் கரண்டியால் தண்ணீர் விட்டாள். சிவப்பு மை கால்மாட்டில் நின்றார். மன்னிப்புக் கேட்கத்தான் வந்திருந்தார். மச்சான்தான் முதலில் பேசினார்.

“உங்க பதிவு ஒண்ணு விடாம படிப்பேன் மாப்பிள்ளை. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்னு ஆபீஸ்லயும் மாத்திட்டேன். அதான் வினையாப் போச்சு.”

குத்திக்காட்டிச் சொல்லவில்லை. தன்னுடைய முட்டாள்தனம் என்றுதான் சொன்னார். அது சிவப்பு மைக்கு அறை வாங்கியதைவிட மோசமாக இருந்தது.

பிறகு தங்கையைப் பக்கத்தில் அழைத்தார். போன மாதம் ஆபீஸ் காகிதம் என்று அவளிடம் கொடுத்துவைத்த உறையில் கடைசி அறிக்கை இருக்கிறது, ஏரித் தண்ணீர் குடிக்கும் ஊர்ப் பிள்ளைகளின் ரத்தப் பரிசோதனை, அதுதான் முக்கியமானது என்றார். ஒட்டடைப் பக்கத்தின் கடவுச்சொல்லை மெல்லச் சொன்னார். ஓட்டுப்பதிவுக்கு மூன்று நாள் இருந்தது.

“மாப்பிள்ளை போடட்டும். ஒட்டடைங்கிற பேர்லயே, நான் எழுதுற மாதிரியே போடட்டும். என் கை இப்படிக் கிடக்கும்போது பதிவு வந்தா, ஒட்டடை வேற யாரோன்னு நினைச்சு என்னை விட்டுடுவாங்க.”

வியாழக்கிழமை காலை சிவப்பு மை வேலைக்குப் போகவில்லை. உறையைப் பிரித்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கணினிமுன் உட்கார்ந்தார். அறிக்கையில் நாற்பது பிள்ளைகளின் வயது வரிசையாக இருந்தது. நாலு, ஆறு, ஐந்து. ‘நம் குடிநீர்’ என்று தட்டினார். அழித்தார். மறுபடி தட்டினார், மறுபடி ‘ந’வே விழுந்தது. சரியாக எழுதினால் தீர்ந்தது. பிழையில்லாமல் எழுதுகிறவன் இந்த ஊரில் யார் என்று குழந்தைகூடச் சொல்லிவிடும். வாசல்பக்கம் காலடிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் திரையை அணைத்தார். அவருக்குப் பயம். பயம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்ளவும் பயம்.

பன்னிரண்டு மணிக்கு மனைவி ஆஸ்பத்திரியிலிருந்து வந்தாள். போட்டாச்சா என்று கேட்டாள்.

“தப்பா எழுத எனக்கு வரலைம்மா” என்றார்.

அவள் பையைக் கீழே வைத்தாள்.

“ஞாயித்துக்கிழமை வந்துச்சே.”

எழுந்திருக்கச் சொன்னாள். உட்கார்ந்து, ஒரு விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்ட ஆரம்பித்தாள். அவளும் அவள் அண்ணனும் ஒரே வாத்தியாரிடம்தான் படித்தார்கள். யாரும் சொல்லிக்கொடுக்காமலே திரையில் ரெண்டு சுழி விழுந்தது. குடினீர். அடுத்த வரியில் கழிவுனீர்.

சிவப்பு மை பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். வழக்கம்போல் அவருடைய கை துறுதுறுத்தது. அதை இன்னொரு கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.